பையனை ஃபர்ஸ்ட் குரூப்பில் போடலாமா? கோத்தகிரியிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. பத்தாவதில் அறிவியல் 88, கணக்கு 61, பையன் கம்ப்யூட்டர் படிக்கணும் என்கிறான், அவன் அப்பா இன்ஜினியராகட்டும் என்கிறார், வகுப்பாசிரியர் பிசிக்ஸ் இவனுக்கு ஒத்துவராது, காமர்ஸ் எடுத்தால் நிம்மதி என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் அந்த 88-ஐ வைத்துத்தான் பேசுகிறீர்கள் போலிருக்கிறது. நான் முதலில் பார்த்தது 61-ஐ.

பத்தாவது அறிவியலில் பிசிக்ஸ் ஒரு பங்குதான். நூறில் 25 செய்முறைக்குப் போய்விடும், மீதி 75-ஐ இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் பங்கு போட்டுக்கொள்ளும். இயக்க விதிகளில் தொடங்கி அணுக்கரு இயற்பியல் வரை முதல் ஆறு பாடங்கள்தான் பிசிக்ஸ். உயிரியலை வரி விடாமல் படித்த பிள்ளை, ஓம் விதிக் கணக்கு ஒன்றைக்கூட உருப்படியாகப் போடாமல் 88 வாங்கிவிட முடியும். திருப்புதல் தேர்வு விடைத்தாள்கள் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் கணக்கு, மின்தடைக் கணக்கு இதையெல்லாம் முயற்சி செய்திருக்கிறானா, இல்லை சாய்ஸில் விட்டுவிட்டு வந்திருக்கிறானா? மார்க்கைவிட அது அதிகம் சொல்லும்.

பதினொன்றாம் வகுப்பு பிசிக்ஸ் கிட்டத்தட்ட வேறு பாடம். இரண்டாவது அலகு இயக்கவியல், அதிலேயே வெக்டர் வந்துவிடும், வகையிடல், தொகையிடல் எல்லாம் வந்துவிடும். இதே வெக்டரும் நுண்கணிதமும் கணக்குப் புத்தகத்தில் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன, அதாவது கணக்கு டீச்சர் அங்கே வந்து சேர அரை வருடம் ஆகும், பிசிக்ஸ் சாரோ ஜூலையிலேயே அதைத் தெரிந்ததாக வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அந்த இடத்தில் திணறிப்போய் 'எனக்கு மண்டையில ஏறல' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மண்டையில் கோளாறு எதுவும் இல்லை, பாட வரிசை அப்படி. இது முன்கூட்டியே தெரிந்த பிள்ளை லீவிலேயே ஒருவரைப் பிடித்து அந்த நாலு விஷயத்தைக் கற்றுக்கொண்டு போய்விடும்.

அதனால் ஸ்கூல் திறப்பதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அக்கா யாரிடமாவது பதினொன்றாம் வகுப்பு பிசிக்ஸ் முதல் தொகுதியை வாங்கிக் கொடுங்கள் (பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம்). இரண்டாம் அலகில் தீர்த்துக் காட்டியிருக்கும் கணக்கைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, தானே போட்டுப் பார்க்கட்டும். தப்பாகப் போட்டால் பரவாயில்லை. எங்கே தப்பு என்று தேடுகிறானா, அதுதான் கவனிக்க வேண்டியது.

அவன் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார் என்றீர்கள், ரொம்ப நல்லது, அவரிடமே ஒரு கேள்வி இருக்கிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும்போது ஏன் இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்கிறார்கள்? பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிக் கருகல் வாடை வரும் என்று அவர் சொல்வார். சரி, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? ஆயிரம் கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால், ஈர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடி ஜூல். அவ்வளவும் எங்காவது போயாக வேண்டும், இன்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக் தலையில்தான் விழும். இதைக் கேட்டு 'அப்போ லோடு ஏத்தினா என்ன ஆகும்?' என்று பையன் திருப்பிக் கேட்டால், 61-ஐப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். 'இது பரீட்சைல வருமா?' என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கலாம். அப்படியே ஒருநாள் ஊட்டி பக்கத்திலிருக்கும் முத்தோரைக்கும் கூட்டிப் போங்கள். அங்கே 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்று, சுமார் 11 டிகிரி. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே சுமார் ஒன்பதரை மணி நேரம் ஒரு பொருளை வானத்தில் பின்தொடரலாம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

இனி வேலைக் கணக்கு. பி.இ. கவுன்சலிங் கட் ஆஃப் 200-ல் கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. என்றாலும் பிசிக்ஸ் வேண்டும். நர்சிங், பார்மசி பக்கமும் அப்படியே. நீட்டில் 720-க்கு 180 பிசிக்ஸ். ஆனால் 'கம்ப்யூட்டர்' என்று அவன் சொல்வது பி.சி.ஏ. மாதிரி என்றால் காமர்ஸ் குரூப்பிலிருந்தும் பல கல்லூரிகளில் போகலாம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பும் பிளஸ் டூவில் பிசிக்ஸ் கேட்பதில்லை. கையால் வேலை செய்வதில் ஆர்வம் என்றால் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் இருக்கிறது, அதை ஏனோ நம் ஊரில் மட்டமாகவே பார்க்கிறார்கள். அவன் மனதில் இருப்பது எது என்று அவனிடமே உட்கார்ந்து கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாக.

கோயம்புத்தூரில் தனியார் பள்ளி ஹாஸ்டல், கூடவே கோச்சிங், இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பக்கென்றது. கட்டாதீர்கள். உங்கள் பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, மருத்துவத்துக்கும் உண்டு, இன்ஜினியரிங்குக்கும் உண்டு, அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் ஒன்னில் தனியாருக்கு மாற்றினால் அது போச்சு. மலையை விட்டுக் கீழே இறங்கினால்தான் படிப்பு என்று யாரோ சொன்னதை நம்பி அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பதில் உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு நேரில் போய், பிசிக்ஸ் ஆசிரியர் பணியிடத்தில் ஆள் இருக்கிறாரா, மாற்றலில் போய்விட்டாரா என்று விசாரியுங்கள். மலைப் பள்ளிகளில் இதைக் கேட்காமல் குரூப் முடிவு பண்ணவே கூடாது, ஏனென்றால் இங்கே டியூஷனை நம்ப முடியாது, கடைசி பஸ் போய்விட்டால் பிள்ளை வீடு வந்து சேர்வதே பெரும்பாடு, ஜூன் ஜூலை மழையில் பள்ளிக்கே லீவு விட்டுவிடுவார்கள். ஆசிரியர் இருக்கிறார், அந்த இரண்டாம் அலகுச் சோதனையில் பையனும் ஓடி ஒளியவில்லை என்றால் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிடுங்கள். முதல் மாதத் தேர்வு விடைத்தாளை வாங்கிப் பார்த்து, கணக்கு, பிசிக்ஸ் இரண்டிலுமே திணறுகிறான் என்று தெரிந்தால், காலாண்டு வரை இழுக்காமல் உடனே தலைமை ஆசிரியரிடம் குரூப் மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள்.