அஃபர்மேஷன்களை வாய்விட்டுச் சொல்வதற்குப் பதிலாகச் சப்லிமினல் ஆடியோ கேட்டால் போதுமா?

கேள்வி கேட்டவர் தம் நிலையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். கண்ணாடி முன் நின்று "நான் தன்னம்பிக்கை மிக்கவள்" என்று அஃபர்மேஷன், அதாவது தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் நம்பிக்கை வாசகம், சொல்லும்போதே அது பொய் என்று உள்மனம் சொல்கிறது. வீட்டில் எப்போதும் ஆள் இருப்பதால் வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஆகவே அதே வாசகங்களை மழைச் சத்தத்துக்கு அடியில் காதுக்கு எட்டாதபடி பதித்திருக்கும் சப்லிமினல் ஆடியோவை இரவெல்லாம் ஓடவிட்டால் பலன் கிடைக்குமா, ஏற்கனவே கேட்டுவருவதை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். அந்தப் பலன் கிடைக்காது என்பதே என் பதில். ஆனால் அவரை அந்த ஆடியோவின் பக்கம் தள்ளிய இரண்டு தடைகளும் உண்மையானவை என்பதால், வெறும் மறுப்போடு நிறுத்திக்கொள்வது சரியாக இருக்காது.

நான் சேலம் அம்மாபேட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். ஆடிப் பண்டிகை, கடைத் திறப்பு விழா, ஜவுளித் தள்ளுபடி ஆகியவற்றுக்காக ஆட்டோவில் மைக் செட் கட்டி ஓட்டும் அறிவிப்புகளைப் பதிந்து கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. அண்மைக் காலமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர், தாங்களே தாளில் எழுதிய வாசகங்களோடு வந்து, "அண்ணா, ஏற்காட்டு மழை சவுண்டுக்குக் கீழ இத வெச்சுக் குடுங்க, வாய்ஸ் வெளிய தெரியக் கூடாது" என்று கேட்கிறார்கள். குரல் மேலே, இசை கீழே என்பது என் தொழிலின் முதல் விதி. அவர்கள் கேட்பது அதற்கு நேர்மாறானது. அதனால்தான் அந்தக் கோப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை நுணுக்கமாகக் கவனிக்கத் தொடங்கினேன்.

கணினித் திரையில் இரண்டு தடங்கள் இருக்கும். மேலே காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் மீது பெய்த மழை. கீழே பேசியவரின் குரல். மழைச் சத்தத்தில் தாழ்ந்த சுருதி முதல் உச்சச் சுருதி வரை எல்லாம் கலந்திருப்பதால், எந்தக் குரலையும் அது முழுமையாக மூடக்கூடியது. குரலின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால் முதலில் 'ஸ', 'ச', 'ப', 'த' போன்ற மெலிந்த ஒலிகள் மழையில் கரைந்துபோகின்றன. 'நான்' என்பதில் உள்ள 'ஆ' போன்ற நெடில்கள் மட்டும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கின்றன. இன்னும் குறைத்தால், யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. மழையைவிடக் குரல் 25 டெசிபல் அளவுக்குக் கீழே போய்விட்ட பிறகு மிஞ்சுவது மழை மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள எங்கள் தெருவாசிகளுக்குக் கணினியே தேவையில்லை. விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் நிற்பவர்கள் கையசைவாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தறிகள் நிற்கும் நேரம் பார்த்துத்தான் நானும் குரல் பதிகிறேன்.

வலுத்த ஒலி தன் அருகிலுள்ள சுருதிகளில் இருக்கும் மெலிந்த ஒலியை மறைக்கும் இந்த வேலை, பெரும்பாலும் மூளைக்குப் போவதற்கு முன்பே, உட்செவியில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் காக்ளியா என்ற உறுப்பிலேயே நடந்துவிடுகிறது. "காதுக்குக் கேட்காது, ஆழ்மனத்துக்குக் கேட்கும்" என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். ஆழ்மனத்துக்கென்று தனியாக ஒரு காது கிடையாது. செவி நரம்பு எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அதை வைத்துத்தான் நனவு மனமானாலும் ஆழ்மனமானாலும் எதையும் செய்ய முடியும்.

இதற்கு மேல், பலரும் யோசிக்காத இன்னொரு சிக்கலும் உண்டு. எம்பி3 போன்ற சுருக்க முறைகள் இதே மறைப்பு விதியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன: வேறொரு ஒலியால் மறைக்கப்பட்டு மனிதக் காதுக்கு எட்டாது என்று கணக்கிடப்படும் பகுதிகளை மென்பொருள் பெருமளவு கழித்துவிட்டுத்தான் கோப்பைச் சிறிதாக்குகிறது. காணொளித் தளத்தில் ஏற்றும்போதும் வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பும்போதும் இத்தகைய சுருக்கம் மீண்டும் நடக்கிறது. எனவே நன்றாக மறைத்து வைத்த குரல் உங்கள் கைப்பேசிக்கு வந்துசேரும்போது அதில் பெரும்பகுதி இல்லாமலே போயிருக்கலாம். 'சைலன்ட் சப்லிமினல்' என்ற வகைக்கும் இதே கதிதான். ஆலிவர் லோவரி என்பவர் 1992-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த முறையில், பேச்சு ஏறக்குறைய 14,500 முதல் 17,500 ஹெர்ட்ஸ் வரையிலான உச்சச் சுருதிக்கு ஏற்றப்படுகிறது. அந்த எல்லையை வயது ஏற ஏறக் காது இழக்கிறது. பல சுருக்க முறைகளும் அதன் மேற்பகுதியை வெட்டிவிடுகின்றன. அப்படியே காதை எட்டினாலும், அதைத் திரும்பப் பேச்சாகப் பிரித்தெடுக்கும் ரேடியோப் பெட்டி எதுவும் நம் உட்செவியில் இல்லை.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. கனடாவின் உளவியலாளர் பிலிப் மெரிக்கிள் 1988-இல் கடைகளில் விற்ற சப்லிமினல் ஒலிநாடாக்களைப் பரிசோதித்தார். செய்தி உள்ளதாகச் சொல்லப்பட்ட நாடாவையும் இல்லாத நாடாவையும் கேட்டவர்களால் வேறுபடுத்த முடியவில்லை. ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துக் காட்டும் ஒலி நிறமாலைப் படங்களிலும் பேச்சின் அடையாளம் தென்படவில்லை. அந்தோணி கிரீன்வால்டும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட சோதனையை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். நினைவாற்றலுக்கான நாடாவையும் சுயமதிப்புக்கான நாடாவையும் கொடுத்தபோது, பாதிப் பேருக்கு மேலட்டையை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கேட்ட பிறகு சோதித்ததில் உள்ளே இருந்ததாகச் சொல்லப்பட்ட செய்தியால் எந்தத் தனிப் பலனும் தெரியவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், மேலட்டையில் எது எழுதியிருந்ததோ அதில்தான் தாங்கள் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள். "எனக்கு வேலை செய்தது" என்று பின்னூட்டங்களில் எழுதுகிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர்களிடம் வேலை செய்தது அட்டையில் இருந்த சொல் என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. அந்தச் சொல் அவர்கள் கண்ணால் படித்த சொல், மறைந்திருந்த சொல் அன்று. இந்தத் துறையின் புகழ்பெற்ற தொடக்கக் கதை, திரைப்படத்தின் இடையே கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் வாசகம் காட்டிப் பாப்கார்ன் விற்பனையைக் கூட்டியதாகச் சொல்லப்பட்ட 1957-ஆம் ஆண்டின் திரையரங்குச் சோதனை. அதில் போதிய தரவு இல்லை என்று, அதை அறிவித்த ஜேம்ஸ் விகாரியே 1962-இல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

நேர்மையாகச் சொல்வதானால், நனவுக்கு எட்டாத சொல் மூளையைத் தொடவே தொடாது என்று சொல்வது மிகைதான். 2005-இல் குய்டெர், டுப்பூ என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், வேகமாக ஓடும்படி சுருக்கி, வேறு ஒலிகளுக்குள் ஒளித்த ஒரு சொல்லைக் கேட்டவர்கள் அடுத்து வந்த அதே சொல்லைச் சற்று விரைவாக அடையாளம் கண்டதைக் காட்டினார்கள். ஆனால் அது ஒற்றைச் சொல், கணநேர விளைவு, வெகு கவனமாக அமைக்கப்பட்ட ஆய்வகச் சூழல். அதிலிருந்து ஒரு முழு வாக்கியம் இரவோடு இரவாக ஒருவரின் தன்மதிப்பை மாற்றிவிடும் என்பதற்குப் போவது நெடுந்தூரம்.

இனி உங்கள் முதல் தடைக்கு வருகிறேன். சொல்லும்போது பொய்யாகப் படுவது உங்கள் குறை அன்று. ஜோன் வுட் முதலிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவர்" என்னும் பொருளுள்ள வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு ஏற்கனவே நன்றாக உள்ளவர்களுக்குச் சிறிது நன்மை ஏற்பட்டது. தன்மதிப்பு குறைந்தவர்களோ சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே அது வருத்துகிறது. மனம் ஒவ்வொரு முறையும் எதிர்வாதம் பேசுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம். சப்லிமினல் விற்பவர்கள் "எதிர்வாதம் பேசும் மனத்தைத் தாண்டிப் போகிறோம்" என்று வாக்களிப்பது இந்த வலியைப் பார்த்துத்தான். நான் சொல்வது என்னவென்றால், அந்த எதிர்வாதத்தை ஏமாற்றிவிட்டுப் போக வேண்டியதில்லை. அது மறுக்க முடியாதபடி வாக்கியத்தைத் திருத்தினால் போதும்.

"நான் தன்னம்பிக்கை மிக்கவள்" என்பதை மனம் மறுக்கும். "வகுப்பில் கை தூக்க எனக்குப் பயமாக இருக்கிறது, இருந்தும் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டேன், இந்த வாரமும் கேட்பேன்" என்பதை, அது நடந்திருக்கும் பட்சத்தில், மனத்தால் மறுக்க முடியாது. இளம்பிள்ளையிலிருந்து வந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி, என்னிடம் கொடுத்த தாளில் "நான் வெற்றி பெற்றுவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். பேசிப் பார்த்ததில், அவள் உண்மையாகவே நம்பியது, "கணக்கு வரவில்லை என்றாலும் தாளை மூடிவைக்காமல் பத்து நிமிடம் பார்ப்பேன்" என்பதைத்தான். அதையே அவளுடைய குரலில், மறைக்காமல், தெளிவாகப் பதிந்து கொடுத்தேன். பதிந்த பிறகு அதைக் கேட்டபோது அவள் முகம் சுளிக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதன் பலனைப் பற்றி நான் எதுவும் உரிமை கொண்டாட மாட்டேன்.

குரல் கொடுத்துச் சொல்வது பற்றி ஒன்று. இந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பிய பிரான்சு நாட்டு மருந்தாளுநர் எமில் குவே, தம் வாசகத்தை விழித்ததும் படுக்கும் முன்பும் இருபது முடிச்சுகள் போட்ட கயிற்றில் எண்ணிக்கொண்டே இருபது முறை சொல்லச் சொன்னார். உதடு அசைய வேண்டும் என்பதை அவர் கட்டாயமாக்கினார். நம்மிடம் ஜபத்தை மூன்றாகப் பிரிக்கும் மரபு இருப்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: வாய்விட்டுச் சொல்லும் வாசிகம், உதடு மட்டும் அசையும் உபாம்சு, மனத்துக்குள் சொல்லும் மானசம். மூன்றிலும் சொல்கிறவர் நாம்தான், கவனம் நம்முடையதுதான். உங்கள் இரண்டாவது தடையான கூச்சத்துக்கு இந்த இரண்டாம் வகையே பொருத்தமானது. புதுப் பேருந்து நிலையத்தில் நெரிசலில் நின்றுகொண்டும் யாருக்கும் தெரியாமல் உதட்டை அசைக்கலாம். வீட்டில் ஆளில்லாத ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் கைப்பேசியிலேயே உங்கள் குரலைப் பதிந்துவிட்டு, பிறகு ஹெட்செட்டில் கேட்கலாம். மழை வேண்டுமென்றால் மழையும் இருக்கட்டும். குரல் அதற்கு மேலே இருக்க வேண்டும்.

பேசுவதே ஒத்துவராதவர்களுக்கு எழுத்து இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-இல் முன்வைத்த தன்னுறுதிக் கோட்பாட்டை ஒட்டிய சோதனைகளில், தம்மைப் புகழும் வாக்கியங்களைச் சொல்லச் சொல்வதில்லை. தமக்கு எது முக்கியம், ஏன் முக்கியம் என்பதைச் சில நிமிடம் எழுதச் சொல்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ஜெஃப்ரி கோஹனும் பிறரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எழுதிய கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது; எல்லா இடங்களிலும் அதே அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வியில் "எதற்கும் லாயக்கில்லை என்று தினமும் தோன்றுகிறது" என்று ஒரு வரி இருந்தது. அது வாரக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது என்றால், ஆடியோவும் வாக்கியமும் அதற்கு மருந்தல்ல. 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

கேட்டுவருவதை நிறுத்த வேண்டுமா என்றால், மழைச் சத்தம் தூக்கத்துக்கு உதவுகிறது என்றால் மழையாகவே கேளுங்கள், தடையில்லை. காதில் சொருகிக்கொண்டு தூங்காமல், மேசை மேல் வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். 80 டெசிபல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது காதுக்குப் பாதுகாப்பானதன்று என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை, இரவு எட்டு மணி நேரம் கேட்டாலே வாரத்துக்கு 56 மணி நேரம் ஆகிவிடுகிறது. யாராவது காசுக்கு இத்தகைய கோப்பை விற்றால், மழை சேர்க்காத வெறும் குரல் தடத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். உள்ளே என்ன வாசகம் இருக்கிறது என்று காட்ட முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.