நரம்பு உறைக்கு நெய் ஊட்டலாமா?

கல்முனையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 14 வயது. வரம்பில் நடந்தால் கணுக்கால் பிரளுது. நரம்புச் சோதனையில் வேகம் குறைவு. சார்கோ-மேரி-டூத் 1ஏ என்ற பரம்பரை நரம்பு நோய், பி.எம்.பி.22 மரபணு கூடிப்போச்சு என்றாங்க. நரம்பு உறை கொழுப்புத்தானே, நெய்யும் எருமைத் தயிரும் நல்லாக் குடு என்கிறா மாமி. நான் மச்சானைக் கட்டினதாலயா இது?"

மாமி சொன்னதில் பாதி சரி. மயலின் என்ற அந்த நரம்பு உறையின் உலர்நிறையில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு கொழுப்பு. ஆனால் சோற்றில் ஊற்றிய நெய் நேரே அங்கே போய் ஒட்டாது. கைகால் நரம்பைச் சுற்றும் சுவான் கலம் தனக்கு வேண்டிய கொழுப்பில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது. கலத்தில் கொலஸ்திரோல் குறைந்தால், ஸ்காப் என்ற புரதம் எஸ்.ஆர்.இ.பி.பி. என்ற இன்னொன்றைக் கூட்டிப்போய் வெட்ட விடும். வெட்டுப்பட்ட துண்டு கலத்தின் கருவுக்குள் நுழைந்து கொழுப்புச் செய்யும் மரபணுக்களை எழுப்பும். சுண்டெலியின் சுவான் கலத்தில் ஸ்காப்பை நீக்கிப் பார்த்தார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு. உறை மெலிந்தது, பிறகு வெளிக்கொழுப்பை வாங்கி மெல்ல மெல்ல ஓரளவு தேறியது. மாமிக்கு அவ்வளவுதான் ஆதரவு.

மகனின் கதை வேறு. 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் பி.எம்.பி.22 அவனுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று. அந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சினால் உறை ஒழுங்காகச் சுற்றாது, கொழுப்புத் தயாரிப்பும் படுத்துவிடும். நெய் அந்த மூன்றை இரண்டாக்காது. இதே குறையுள்ள எலிகளுக்குப் பொஸ்போலிப்பிட்டு என்ற ஒருவகைக் கொழுப்பு கலந்த தீனி கொடுத்தபோது உறை தேறியது உண்மை; ஆட்களுக்கு அது இன்னும் மருந்தாகவில்லை. தயிரை ஆசைக்குச் சாப்பிடட்டும். உடம்பு பெருத்தால் பாரம் சுமப்பது அந்தக் கணுக்கால்தான்.

மச்சானைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய் தகப்பன் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில பிள்ளைகளில் புதிதாகவும் தோன்றும். நீங்களும் கணவரும் கடற்கரை ஈரமணலில் ஒருக்கால் நடந்து பாருங்கள்: நடுப்பாதம் பதியாமல் குதியும் முன்பாதமும் தனித்தனியே விழுந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது நோய் இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டுமே, சோதித்துத்தான் முடிவு.

மகனுக்குக் கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து வாங்குங்கள், பிசியோதெரபியை விடாதீர்கள், குதிநாணை நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யட்டும். இன்னொன்று: வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இப்படிப்பட்ட நரம்புகளைக் கடுமையாகத் தாக்கும். நோயின் பெயரையும் அந்த மருந்தின் பெயரையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.