புதுப் பயிற்றுவிப்பாளர்களை நம்பலாமா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணா,

திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் நிலை உங்களுக்குத் தெரியும். இரண்டு பருவமாக எந்தச் சுற்றுப்போட்டிக்குப் போனாலும் முதல் சுற்றோடு வீடு திரும்புகிறோம். இந்த முறை நிர்வாகம் பழைய ஆட்கள் எல்லாரையும் மாற்றிவிட்டது. கொழும்பில் பெரிய கழகத்துக்கு ஆடிய ஒருவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர். கோல் காப்பாளர்களுக்கென்று தனியாக ஒருவர். உடற்தகுதிக்கு ஒரு பாடசாலை விளையாட்டு ஆசிரியர். இப்படி மூன்று பேர் எங்களுக்கு இதுவரை இருந்ததே இல்லை.

சிநேகபூர்வ ஆட்டம் இரண்டு நடந்தது, இரண்டிலும் வென்றோம். அன்றிலிருந்து எங்கள் வட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் "இந்த வருடம் கிண்ணம் எங்களுக்குத்தான்" என்கிறது. மற்றப் பக்கம் "இவர்களைப் போல எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்" என்கிறது. நான் நம்புகிற பக்கம். அதற்காக என்னைப் பேயன் என்கிறார்கள். என் அப்பா பழைய ஆட்டக்காரர். அவர் மைதானப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். கழகம் விழுந்து கிடக்கும்போது இப்படிப் பேசுகிறவர்கள் துரோகிகள் இல்லையா? நம்புவது மடத்தனமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

– ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

மடத்தனம் இல்லை. நானும் நம்புகிறேன். ஆனால் நம்புவதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் போதாது. இரண்டு சிநேகபூர்வ வெற்றியும், கொழும்பில் ஆடியவர் என்ற பேரும்தானே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன? அந்த இரண்டையும் வைத்து மற்றப் பக்கத்தோடு வாதாடினால் தோற்றுப்போவீர்கள்.

முதலில் அந்த வெற்றிகள். ஒரு அணி எப்போது பயிற்றுவிப்பாளரை மாற்றுகிறது? படு மோசமாக ஆடும்போதுதான். அதற்குக் கீழே போக இடமில்லாத நேரத்தில் யார் வந்து நின்றாலும் கொஞ்சம் மேலே வரும். நெதர்லாந்தின் முதல்தர லீக்கில் 1986 முதல் 2004 வரையான காலத்தை பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். பயிற்றுவிப்பாளரை நீக்கிய அணிகள் பிறகு தேறின, உண்மைதான். ஆனால் அதே அளவு சரிந்தும் ஆளை மாற்றாமல் இருந்த அணிகளும் ஏறக்குறைய அதே அளவு தேறின. ஆகவே முதல் இரண்டு வெற்றிகளை யார் கணக்கிலும் எழுத வேண்டாம். பருவம் தொடங்கி முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்றாலும் அதே நியாயம்தான், அதையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

அப்புறம் அந்தத் "துரோகிகள்". தம்பி, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1–0 என்று வென்ற நாடு இது. அன்று துள்ளியவர்கள்தான், 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா நம் நாட்டுச் சம்மேளனத்தைத் தடை செய்து, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தேசிய அணி எங்கும் ஆட முடியாமல் இருந்ததையும் பார்த்தார்கள். நம்மூரிலும் ஒவ்வொரு முறையும் புது ஆள், மாலை மரியாதை, புகைப்படம், ஆறு மாதத்தில் சண்டை. இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்களுக்குக் கழகத்தின் மேல் பாசம் இல்லை என்று சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. பாசம் இல்லாதவன் அந்தக் குழுவில் இராப் பன்னிரண்டு மணிக்கு இருந்து சண்டை பிடிப்பானா?

உங்கள் பக்கத்து ஆட்கள் கட்டாயம் பேர்கூசன் கதையைச் சொல்லியிருப்பார்கள். 1986 நவம்பரில் அலெக்ஸ் பேர்கூசன் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தபோது இங்கிலாந்தின் முதல்தர லீக்கில் 22 அணிகளில் அது 21ஆவது இடத்தில் கிடந்தது. அந்தப் பருவம் 11ஆம் இடம், அடுத்தது 2ஆம் இடம், பிறகு மறுபடி 11, அதற்குப் பிறகு 13. மூன்று வருடமாகச் சாட்டுச் சொன்னது போதும், போய் வா என்று 1989 டிசம்பரில் ரசிகர் ஒருவர் பதாகையே பிடித்தார். 1990இல் எப்.ஏ. கிண்ணம் வந்தது. லீக் பட்டம் 26 வருடக் காத்திருப்புக்குப் பிறகு 1993இல் வந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று கதையை முடித்துவிடுவார்கள்.

இந்தக் கதையில் பொறுமையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பாதிக் கதை. பொறுத்திருந்து ஒன்றும் கிடைக்காத கழகங்கள் ஆயிரம் உண்டு. 11, 13 என்று பட்டியலில் தடுமாறிக்கொண்டிருந்த அதே வருடங்களில் பேர்கூசன் இளைஞர் அணிக்கு ஆள் தேடுகிறவர்களைப் பெருக்கினார். குடியில் கிடந்த வீரர்களின் பழக்கத்தோடு மோதினார். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் கழகத்தில் தன்னோடு இருந்த ஆர்ச்சி நொக்ஸைத் துணைக்குக் கொண்டுவந்தார். நொக்ஸ் 1991இல் போனதும் கழகத்துக்குள்ளேயே இளைஞர்களோடு வேலை செய்துகொண்டிருந்த பிரையன் கிட்டை அந்த இடத்துக்கு ஏற்றினார். 1992இல் அந்தக் கழகத்தின் பெடியன்கள் இளைஞர் எப்.ஏ. கிண்ணத்தை வென்றார்கள். பெக்கம், கிக்ஸ், நெவில் எல்லாரும் அதில் இருந்தவர்கள். இதெல்லாம் பட்டியலில் தெரியாது. பயிற்சி மைதானத்துக்குப் போய்ப் பார்த்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஆளை நம்ப வேண்டாம், முடிவை வைத்தும் நம்ப வேண்டாம். நடக்கிற வேலையைப் பார்த்து நம்புங்கள். நமக்கு அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மன்செஸ்டர் ரசிகனைப் பயிற்சி மைதானத்து வாசலுக்குள் விடமாட்டார்கள். நாங்கள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நின்று பார்க்கலாம்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு மாலை ஏகாம்பரம் மைதானத்துக்குப் போனேன். மூலை உதைக்கு எதிராக எப்படி நிற்பது என்று நடந்துகொண்டிருந்தது. அடையாளம் வைக்கக் கூம்புகள் போதவில்லை. பெடியன்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எடுத்து, கோலுக்கு முன்னால் ஆறு இடத்தில் வைத்தார்கள். ஒரு செருப்புக்கு ஒரு ஆள். பந்து வரும்போது முதலில் உன் இடம், பிறகு பந்து, எதிராளி எங்கே ஓடினாலும் பின்னால் இழுபடாதே. இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். போன பருவத்தில் கிட்டக் கம்பத்தில் எத்தனை கோல் வாங்கினோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது அந்த இடத்தில் நிற்பது யார் வேலை என்று அணியில் எவனுக்கும் தெரியாது.

மற்றக் கோலடியில் கோல் காப்பாளர் பயிற்றுவிப்பாளர் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். பந்தை அதில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட எறிகிறார். மாரி தொடங்கினால் பந்து இப்படித்தான் வரும் என்று இப்போதே பழக்குகிறார். எங்கள் பெடியன் வழக்கம்போலப் பாய்ந்து பிடித்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் நிறுத்தி, "பாயாதே, கால் முதலில் போகட்டும்" என்றார். இரண்டு எட்டுப் பக்கவாட்டில் வைத்தால் நின்றபடியே நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக்கூடிய பந்து அது. அடுத்த பத்துப் பந்தில் அவன் ஒரு முறையும் தரையில் விழவில்லை. கைதட்டலும் இல்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். உங்கள் அப்பா ஆட்டத்துக்கு வர மறுத்தால் விடுங்கள். ஒரு மாலை இதைப் பார்க்கக் கூட்டிவாருங்கள். ஆடிய மனிதருக்கு விளக்கம் சொல்லத் தேவை இராது.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு லிவர்பூலைச் சொல்லுங்கள். 2018இல் அதன் அப்போதைய பயிற்றுவிப்பாளர் யூர்கன் குளொப், பந்தைக் கையால் உள்ளே எறிவதைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே தோமஸ் குரொனமார்க் என்ற டென்மார்க்காரரை அழைத்தார். எதிராளி நெருக்கும்போது எறிந்த பந்தைத் தம் அணியிடமே வைத்துக்கொள்வதில் லிவர்பூல் அதுவரை லீக்கில் 18ஆவது. ஒரே பருவத்தில் முதலிடத்துக்கு வந்தது. நம் மைதானத்தில் கோட்டுக்கு வெளியே போகிற பந்தை எறிந்தவுடனே பாதி தரம் எதிராளிக்குக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த ஆட்டத்தில் அதை மட்டும் கவனித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

உடற்தகுதி ஆசிரியரைக் குழுவில் சிலர் நக்கல் அடிக்கிறார்களாம், பள்ளிக்கூடத்து ட்ரில் நடத்துகிறார் என்று. அவர் நடத்துவது பீபாவின் "11+" என்கிற உடல் சூடேற்றல். ஏறத்தாழ இருபது நிமிடம், பந்தும் சில கூம்புகளும் தவிர ஒரு சாமானும் தேவையில்லை. நோர்வேயில் இளம் வீராங்கனைகளிடையே பெரிய ஆய்வொன்று செய்து 2008இல் வெளியிட்டார்கள். அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. நம் பெடியன்களில் காலையில் கடலுக்குப் போய் வந்தவன் இருக்கிறான், ஓட்டோ ஓடுகிறவன் இருக்கிறான், சீனக்குடாவில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன் இருக்கிறான். அந்த உடம்புகளோடு நேரே பந்தைத் தூக்கிப் போட்டு ஆட விட்டால் தொடைத் தசை கிழியும். போன முறை முக்கியமான நேரத்தில் மூன்று பேர் வெளியே உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை, அதை ஒளிக்க மாட்டேன். நிர்வாகம் பழைய ஆட்கள் எல்லாரையும் மாற்றிவிட்டது என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எல்லாரிலும், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களை வருடக்கணக்காகப் பழக்கிய பெரியவரும் அடங்குகிறார். இப்போதைய அணியில் பாதிப் பேருக்குப் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்தவர். யாருக்கு எந்தக் கால், யார் வீட்டில் என்ன பிரச்சினை, யாரைத் திட்டினால் ஆடுவான், யாரைத் திட்டினால் இரண்டு கிழமைக்கு வரமாட்டான், எல்லாம் அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த தலைமைப் பயிற்றுவிப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைக் கற்க ஒரு வருடம் எடுக்கும்.

2013இல் பேர்கூசனுக்குப் பிறகு டேவிட் மொய்ஸ் யுனைட்டட்டுக்கு வந்தபோது, 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்ற அணியைக் கையில் வாங்கினார். பேர்கூசனோடு வேலை செய்த மைக் பெலன், ரெனே மொயலன்ஸ்டீன், கோல் காப்பாளர்களைப் பழக்கிய எரிக் ஸ்டீல் எல்லாரும் போனார்கள். மொய்ஸ் தன் பழைய கழகமான எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஆறு வருட ஒப்பந்தம், பத்து மாதத்தில் வேலை போய்விட்டது, அணி 7ஆம் இடம். இரண்டே வருடம் கழித்து லெஸ்டர் கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராக வந்த கிளோடியோ ரானியேரி, அங்கே ஏற்கெனவே துணைப் பயிற்றுவிப்பாளர்களாக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரையும் ஸ்டீவ் வோல்ஷையும் அப்படியே வைத்துக்கொண்டார். முந்தின பருவம் 14ஆம் இடத்தில் முடித்த லெஸ்டர் 2016இல் சம்பியன். இதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் வீரர்களை அறிந்தவர்களை முதல் நாளே அனுப்பிவிட்டு வேலை தொடங்குவது எவ்வளவு நட்டம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை ஐந்து மணிக்குத்தான் எல்லாரும் சேர்கிறார்கள், ஆறேகாலுக்கு இருட்டிவிடுகிறது. சூடேற்றல் போக ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் பல நாள் அதுவும் இல்லை. இந்த நேரத்துக்குள் பழக்கங்கள் மாறத் தை மாதம் வரைக்காவது பொறுக்க வேண்டும். அதுவரை செருப்பு வைத்த இடத்தில் ஆள் நிற்கிறானா, கடைசி இருபது நிமிடம் கால் ஓடுகிறதா, மழை நாளில் பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். இவை நடந்துகொண்டிருந்தால் ஸ்கோர் எதுவாக இருந்தாலும் நான் உங்கள் பக்கம். நடக்காவிட்டால் கிண்ணமே வென்றாலும் அடுத்த வருடம் இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள்.

பெரியவர் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவரைத் துணைப் பயிற்றுவிப்பாளராகத் திரும்ப அழைக்கும்படி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புது ஆட்களுக்கு எதிரான மனு என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி, அவர்கள் வேலை நல்லபடி நடக்கவே இதைக் கேட்கிறோம் என்று முதல் வரியிலேயே போடுங்கள். உங்கள் குழுவின் இரண்டு பக்கத்து ஆட்களிடமும் கையெழுத்து வாங்குங்கள், சலித்துப்போனவர்களிடம் முதலில் போங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் கொடுத்துவிட்டால் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வைக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்