பொதுத்துறை சைட்டுக்குப் போகும் மெக்கானிக்கல் இன்ஜினீயர் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது ஒரு எரெக்‌ஷன் கான்ட்ராக்டர் (சைட்டில் இயந்திரங்களை நிறுவித் தருபவர்) என்னை சீனியர் மெக்கானிக்கல் புராஜெக்ட் இன்ஜினீயராக அழைத்திருக்கிறார். வேலை, ஒரு பொதுத்துறை அனல்மின் நிலைய சைட்டில். ஃபேப்ரிகேஷன், வெல்டிங் எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால், "அங்கே வேலையைவிடப் பேப்பர்தான் அதிகம்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். சேரும் முன் எதற்குத் தயாராக வேண்டும்?

பதில்: நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பேப்பரைத் தொல்லை என்று நினைத்துக்கொண்டு போனால் ஆறே மாதத்தில் வெறுத்துவிடும். அதுவும் உங்கள் வேலையின் ஒரு பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. பொதுத்துறையில் அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். "நீங்க ஆரம்பிங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்ன மேனேஜர், ஃபைனல் பில் வரும்போது வேறு மாநிலத்தில் இருப்பார். அந்த நாற்காலியில் இருப்பவருக்கும், பின்னால் வரும் ஆடிட்டருக்கும், விஜிலென்ஸுக்கும் கோப்பில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஆகவே வாய்மொழியாக ஒரு கூடுதல் வேலை சொன்னால் அன்று மாலையே "தங்கள் வாய்மொழி அறிவுறுத்தலின்படி இந்த வேலையைத் தொடங்குகிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சண்டைக்காரத் தொனி வேண்டாம். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அந்த அதிகாரியையும் அதே கடிதம்தான் காப்பாற்றும். இதைப் புரிந்துகொண்ட இன்ஜினீயருக்குக் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும்.

டென்டர் ஆவணம் கிடைத்தால் டிராயிங்கைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்பெஷல் கண்டிஷன்ஸ் (அந்த வேலைக்கென்றே போட்ட தனி நிபந்தனைகள்) பகுதியை முதலில் படியுங்கள். கிரேன் யாருடையது, கரன்ட்டுக்குக் காசு யார் கட்டுவது, ஃப்ரீ இஷ்யூ மெட்டீரியலில் (வாடிக்கையாளர் காசில்லாமல் தரும் பொருளில்) எத்தனை சதவீதம் வேஸ்டேஜ் அனுமதி, ஸ்கிராப்பை எடை போட்டுத் திருப்பித் தர வேண்டுமா? பணம் ஒழுகுவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து, ஃபிரன்ட், அதாவது நீங்கள் வேலை தொடங்குவதற்காக ஒப்படைக்கப்படும் இடம். ஐ.டி. ஃபேன் (பாய்லரின் புகைவாயுவை இழுத்து வெளியேற்றும் விசிறி) ஃபவுண்டேஷனை சிவில்காரர்கள் ஒப்படைக்கிறார்கள் என்று வையுங்கள். அவசரத்தில் புரோட்டோகாலில் (ஒப்படைப்புப் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சென்டர்லைன், மேல்மட்ட லெவல், போல்ட் பாக்கெட்டின் (போல்ட் இறங்கும் குழியின்) ஆழம் மூன்றையும் சர்வேயரை வைத்து அளந்து, பாக்கெட்டுக்குள் கான்கிரீட் சிதறல் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கையெழுத்து விழுந்தபின் லெவல் குறைகிறது என்றால் அதை ஈடுகட்ட அடியில் வைக்கும் பேக்கர் பிளேட் செலவு உங்கள் தலையில்தான்.

அதே ஃபவுண்டேஷன் தாமதமாகக் கிடைத்தால் ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரில் (வேலைத் தடைகளைப் பதியும் ஏட்டில்) அன்றைக்கே பதிய வேண்டும். தொடங்கிய தேதி, நீங்கிய தேதி, எந்த வேலை நின்றது, இரு தரப்புக் கையெழுத்து. தாமதத்துக்கான எல்.டி. (இழப்பீட்டுப் பிடித்தம்) பல ஒப்பந்தங்களில் வாரத்துக்கு 0.5 சதவீதம், உச்சவரம்பு 5 அல்லது 10 சதவீதம் என்று இருக்கும். கால நீட்டிப்புக் கேட்கும்போது இந்த ரெஜிஸ்டர்தான் பேசும். "ஆர்பிட்ரேஷனில் (நடுவர் விசாரணையில்) பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழைய தெம்பும் இனி உதவாது. அரசு, பொதுத்துறை ஒப்பந்தங்களில் 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளுக்கு மட்டும் ஆர்பிட்ரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்பதை நிதி அமைச்சகம் 2024 ஜூனில் பொது நெறியாகச் சொல்லிவிட்டது.

தொழில்நுட்பத்தில் உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது வெல்டிங் அல்ல, அதன் வரிசை. ஃபீல்டு குவாலிட்டி பிளானில் ஹோல்டு பாயின்ட் என்று இருந்தால் வாடிக்கையாளர் தரப்பு வந்து பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. ஒரு பி91 (உயர் வெப்பம் தாங்கும் குரோமியம் எஃகு) ஜாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிட்-அப், பிரீஹீட், வெல்டிங், 760 டிகிரி வாக்கில் பி.டபிள்யூ.எச்.டி. (வெல்டிங்குக்குப் பிந்தைய வெப்பப் பதப்படுத்தல்), அதன் சார்ட், ஹார்ட்னஸ், ரேடியோகிராஃபி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எக்ஸ்ரே எடுக்கும் நேரத்தில் அந்தப் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டி எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் என்பதால் பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். அன்றிரவு பக்கத்து கேங்குக்கும் வேலை இல்லை. பிளானிங் ஷீட்டில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் வெல்டர் எண், எலெக்ட்ரோடு பேட்ச், ஃபிலிம் எண் எல்லாம் லாக்கில் (பதிவேட்டில்) இருக்க வேண்டும். டிசைன் பிரஷரைப் போல் 1.5 மடங்கில் ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) வைக்கும் நாளில் பாய்லர் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது இந்தக் கோப்பைத்தான். 1923-ஆம் ஆண்டுப் பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் வந்துவிட்டாலும் சைட்டில் எல்லோர் வாயிலும் இன்னும் ஐ.பி.ஆர். (இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ்) என்ற பெயர்தான். நீங்கள் பாய்லர் பட்டறையிலிருந்து போவதால் இதில் பாதிக் கிணறு தாண்டியவர்.

பில் விஷயம் சுருக்கமாக: ஜாயின்ட் மெஷர்மென்டை (இரு தரப்பும் சேர்ந்து வேலையை அளப்பதை) மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், வாரா வாரம் முடியுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலான் சேராமல் ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) நகராது. அது எச்.ஆர். வேலை என்று விட்டால் உங்கள் ஆட்கள்தான் சம்பளத்துக்குக் காத்திருப்பார்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் கான்ட்ராக்டரிடம் ஒன்று கேளுங்கள்: சைட்டிலிருந்து வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுத எனக்கு அதிகாரம் உண்டா? "எல்லாம் ஹெட் ஆபீஸ் வழியாகத்தான்" என்றால் நான் மேலே சொன்ன எதையும் உரிய நாளில் உங்களால் செய்ய முடியாது. சம்பளத்தைவிட இதை முதலில் பேசி, ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.