பாலாற்றைத் துணியில் தைக்கும் பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் ஒரு தம்பதி எழுதியிருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் மகள் ஆவாரம்பூவையும் கடுக்காயையும் கொதிக்கவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுகிறாள். வறண்ட பாலாற்றை அதன்மேல் நூலால் தைக்கிறாள். பெரியப்பாவோ, நகையை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கணினிப் பொறியியல் சேர்க்கச் சொல்கிறார். "தறியில் நாங்கள் பட்டது போதாதா?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நகை அடகுக் கடைக்குப் போகக் கூடாது. கணினி அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வட்டி கட்டப்போவது பெரியப்பா அல்ல. தறியில் நீங்கள் பட்டதற்குக் காரணம் துணி அல்ல, கூலி. இன்னொருவர் கொடுத்த பாவு நூலில், இன்னொருவர் முடிவுசெய்த கட்டத்தை நெய்தீர்கள். அந்தக் கட்டத்தை முடிவுசெய்யும் இடத்தில் உங்கள் மகள் உட்காரலாம்.

ஆடை வடிவமைப்புக்கான மத்திய அரசு நிறுவனமான நிஃப்ட் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நல்ல நிறுவனம்தான், கட்டணம் லட்சங்களில் போகும். நான் சொல்வது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. 1850இல் தொடங்கியது, சென்ட்ரலிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே நான்காண்டு இளங்கலைப் பட்டத்தில் ஓவியம், சிற்பத்தோடு துணி வடிவமைப்புக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அரசுக் கட்டணம் என்பதால் தங்குவதும் சாப்பிடுவதும்தான் பெரிய செலவு. மதிப்பெண் மட்டும் போதாது. செய்முறைத் தேர்வில் வரைந்து காட்டவேண்டும். இன்றிலிருந்தே தினமும் வரையட்டும்.

விடுமுறையில் அவளைக் காளஹஸ்திக்கு அழைத்துப் போங்கள். 1911 வரை அது நம் வட ஆற்காடு மாவட்டம்தான். அங்கே கலம்காரிக்காரர்கள், அதாவது துணியில் கையால் படம் வரைந்து இயற்கைச் சாயம் ஏற்றுபவர்கள், துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பால் கோடு பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்து மூங்கில் குச்சியால் வரைவார்கள். கடுக்காய்த் துவர்ப்பில் இரும்பு பட்டதும் கோடு கறுக்கும். சிவப்புக்குப் படிகாரம் தடவிச் சாயவேரில் காய்ச்சுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் ஓடும் நீரில் அலசவேண்டும். ஆறு கெட்டால் இந்தக் கலையும் கெடும். புத்தகத்தைவிட அங்கே நின்று பார்த்தால் அவளுக்கு இது உறைக்கும்.

அவளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இயற்கைச் சாயம் என்ற பெயரே போதாது. நிறம் பிடிக்க குரோம் உப்போ மயில்துத்தமோ சேர்த்தால் அந்தக் கழிவும் நஞ்சுதான். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநிறுத்தியது. ஆற்றைத் தைக்கிறவள் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்கவேண்டும்.

முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. ஏற்றுமதி நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவு, கைத்தறிச் சங்கங்கள், கைவினை அமைப்புகள் என்று வேலை உண்டு. கடன் இல்லாமல் படித்தவளால் அந்த ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க முடியும். பிளஸ் டூ முடிவு வந்ததும் விண்ணப்ப அறிவிப்பைக் கவனியுங்கள். அதுவரை, சாயமேற்றிய ஒவ்வொரு துண்டையும் ஒரு நோட்டில் ஒட்டி, எந்தப் பூ, எவ்வளவு படிகாரம், வெயிலில் எத்தனை நாளில் வெளுத்தது என்று பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.