டீச்சரைக் கேளுங்கள்: இரண்டு நிக் கேவும் ஒரு காமன் கூத்தும்

டீச்சர், நிக் கேவ் என்று தேடினால் ஒரு பக்கம் உடம்பு முழுக்க ரோமமும் குச்சியும் போர்த்திய உருவங்கள் வருகின்றன. இன்னொரு பக்கம் கறுப்புக் கோட் போட்ட ஒருவர் பழைய கடல் பாட்டுப் பாடுகிறார். இரண்டும் ஒரே ஆளா?
*– உயர்தர மாணவன், ஹட்டன்*

இரண்டு பேர், தம்பி. பெயர் மட்டும்தான் ஒன்று. பாடுகிறவர் அவுஸ்திரேலியர், 1957இல் பிறந்தவர். உருவங்களைச் செய்கிறவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர், 1959இல் மிசூரி மாநிலத்தில் பிறந்து சிகாகோவில் வாழ்கிறவர். போதாக்குறைக்கு அந்தப் பாடகரும் அண்மையில் பீங்கான் சிற்பம் செய்ய இறங்கிவிட்டார். பிசாசின் வாழ்க்கைக் கதையை 17 பொம்மைகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே குழம்பியதற்காக வெட்கப்பட வேண்டாம்.

சிற்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் ரொட்னி கிங் என்பவரைத் தெருவில் போட்டு அடித்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அந்த நாட்களில் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்த கேவின் கண்ணில் கீழே கிடந்த சுள்ளிகள் பட்டன. யாரும் மதிக்காத, மிதித்துவிட்டுப் போகிற சுள்ளிகள். அள்ளிக்கொண்டு போய், துண்டு துண்டாக வெட்டி, ஓர் அங்கியில் நெருக்கமாகத் தைத்தார். சிற்பம் என்று நினைத்துத்தான் செய்தார். போட்டுப் பார்த்தபோது சலசலவென்று சத்தம் வந்தது. 1992இல் பிறந்த அந்த முதல் உருப்படிக்குச் 'சவுண்ட்சூட்' என்று பெயர் வைத்தார். அதைப் போட்டுக்கொண்டால் உள்ளே இருப்பவர் கறுப்பா வெள்ளையா, ஆணா பெண்ணா, பணக்காரரா ஏழையா என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு 500க்கும் மேல் செய்துவிட்டார்.

அவர் நடனமும் கற்றவர் என்பதை மறந்துவிடாதே. 2013இல் நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 30 குதிரைகளை இறக்கினார். கலர் கலராய் நார் தொங்கும் குதிரைகள், ஒன்றுக்குள் இரண்டு நடன மாணவர்கள். மியூசியத்தில் அசையாமல் நிற்கும் சவுண்ட்சூட்டின் படத்தைப் பார்த்தால் பாதிதான் பார்த்த கணக்கு. ஆடும் வீடியோவைத் தேடு.

பாடகரின் கடல் பாட்டுகள் 'ரோக்ஸ் கேலரி' என்ற 2006ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் இருக்கின்றன. கடற்கொள்ளையர் படம் எடுத்த இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கிக்கும் நடிகர் ஜொனி டெப்புக்கும் வந்த யோசனை அது. தயாரித்தவர் ஹல் வில்னர். ஸ்டிங், போனோ, லூ ரீட் என்று பெரிய பெயர்கள் எல்லாம் வந்து போகும் 43 பாட்டுகள். சில அருமை. சில பாட்டுகளைக் கேட்டால் இந்த வேகத்தில் கயிறு இழுத்தால் கப்பல் எந்தக் காலத்தில் கரை சேரும் என்று தோன்றும். உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாடியிருக்கிறார்கள். இந்தப் பாட்டுகளில் பல, ஒருவன் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டே பாய்மரத்தை ஏற்றவும் நங்கூரத்தைத் தூக்கவும் பாடியவை. வேலை செய்த தொண்டையைக் கேட்க வேண்டுமானால் ஸ்டான் ஹியூகில் பாடியதைத் தேடு. 1929இல் உடைந்த 'கார்த்பூல்' பாய்மரக் கப்பலில் வேலை பார்த்தவர், 1961இல் இந்தப் பாட்டுகளைப் பெரிய புத்தகமாகத் தொகுத்தவர். குரலில் சீனி கிடையாது.

டிக்டொக்கில் எல்லோரும் பாடிய 'வெல்லர்மேன்' உண்மையிலேயே பழைய மாலுமிப் பாட்டா? என் மகள் நாள் முழுக்கப் பாடுகிறாள்.
*– ஒரு தாய், தலவாக்கலை*

பழையதுதான், ஆனால் கயிறு இழுக்கும் பாட்டு அல்ல. நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்களைப் பற்றிய கதைப் பாட்டு. 2020 டிசம்பரில் நேதன் எவன்ஸ் என்ற ஸ்கொட்லாந்துத் தபால்காரர் பாடிப் போட்டார், அடுத்த மார்ச்சில் பிரித்தானியாவில் முதலிடம். வெல்லர் சகோதரர்கள் 1831இல் ஒட்டாகோவில் திமிங்கில நிலையம் போட்டவர்கள். அவர்களுடைய கப்பல் எப்போது சீனியும் தேயிலையும் ரம்மும் கொண்டு வரும் என்று காத்திருக்கிறார்கள் பாட்டில். மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தச் சகோதரர்கள் கடை விரித்த காலத்துத் தேயிலை நம்முடையதாக இருக்க வழியில்லை. ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தை லூல்கந்துரையில் போட்டது 1867இல்தானே.

மலையில் இருக்கிற நமக்கும் கடல் பாட்டுக்கும் என்ன சம்பந்தம், டீச்சர்? நம் ஆட்களுக்கு அப்படி ஏதும் உண்டா?
*– ஓய்வுபெற்ற தொழிலாளி, பொகவந்தலாவை*

ஐயா, நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கடலைத் தாண்டித்தான் வந்தார்கள், ஆனால் கயிறு இழுத்து வரவில்லை. முதலில் தோணியில், 1914க்குப் பிறகு தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலில், மூட்டையோடு உட்கார்ந்து வந்தவர்கள். அதனால் நம் நாட்டார் பாட்டில் கடல் வந்தால் அது பிரிவாக வரும், வேலையாக வராது.

வேலைப் பாட்டு கரையில் இருக்கிறது. எனக்கு முதல் நியமனம் முல்லைத்தீவுப் பக்கம். டிக்கோயாக் குளிரில் வளர்ந்த பெண், வெயிலைத் தாங்க முடியாமல் விடியற்காலையிலேயே கடற்கரைக்குப் போய்விடுவேன். கரைவலை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் கயிறு, இரண்டு வரிசை ஆட்கள், நடுவில் தூரத்தில் மீன் சேரும் மடி. ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். அம்பாப் பாட்டு என்பார்கள். மடி தூரத்தில் இருக்கும்போது பாட்டு நடக்கும், கிட்ட வர வர ஓடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கிண்டல் செய்கிற வரிகளும் நடுவில் விழும். நான் நின்றால் சில வரிகளை விழுங்கிவிடுவார்கள், டீச்சர் அல்லவா!

பிறகு பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலையை இழுக்கத் தொடங்கினார்கள். இயந்திரத்துக்குப் பாட்டு எதற்கு? அம்பாவை மேடையில் பாடுகிறார்கள், பதிவும் செய்கிறார்கள், செய்யட்டும். தபேலாவும் கீபோர்டும் சேர்க்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான்: பாடுகிறவர்கள் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, மறுமுனையில் பாரம் கட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள். மூச்சு எங்கே விழ வேண்டுமோ அங்கே தானாக விழும்.

உங்களுக்கும் ஒன்று ஞாபகம் இருக்கலாம். ரோதைக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பெரிய இரும்புச் சாமான் வந்து, லொறி ஏற முடியாத மேட்டில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தபோது 'ஐலசா' போட்டார்கள் என்று என் அப்பா சொல்வார். ரோதையைக் காக்கும் சாமியான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கயிற்றைத் தொடுவார்களாம். உங்கள் தோட்டத்தில் என்ன போட்டார்கள் என்று எழுதுங்கள் ஐயா, அடுத்த இதழில் போடுகிறேன்.

உடம்பில் அணியும் சிற்பம் ஒன்று செய்து கண்காட்சிக்கு வைக்கப் போகிறேன். என்ன பொருள் பாவிக்கலாம்? பாரம் தாங்க முடியவில்லை, பத்து நிமிடத்தில் கழுத்து விட்டுப்போகிறது.
*– சித்திரம் பயிலும் மாணவி, பண்டாரவளை*

மகள், கழுத்தில் தொங்கவிடாதே. உன் அம்மாவோ அம்மம்மாவோ கொழுந்து எடுத்திருந்தால் கேட்டுப் பார். கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில், இடுப்பில் படங்குத் துணி. பாரம் முதுகோடு ஒட்டி இருக்கும் வரைதான் தாங்கலாம், விலகித் தொங்கினால் இரண்டு மடங்காய்த் தெரியும்.

அடுத்து, மாசியில் மூன்றாம் பிறை பார்த்து, ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போ. மேடையை விடு, ஒப்பனை நடக்கிற காம்பராவுக்குள் போய் உட்கார். ரதிக்கும் மன்மதனுக்கும் கட்டும் முடி, புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மெல்லிய பலகை, அட்டை, ஜிகினா, கண்ணாடித் துண்டு. விடிய விடிய ஆட வேண்டுமே, பாரமாகச் செய்தால் ஆள் விழுந்துவிடுவான். என் மாமா எமன் வேடம் கட்டுவார். கிரீடத்துக்கு அடியில் பழைய துவாயைச் சும்மாடாகச் சுற்றி, கயிற்றைத் தாடையில் கட்டாமல் பிடரியில் முடிவார். தாடையில் கட்டினால் எமன் வசனம் பேசுவது எப்படி?

உலோகம்தான் வேண்டும் என்றால் அலெக்சாண்டர் கால்டரின் நகைகளைப் பார். காற்றில் அசையும் தொங்கு சிற்பங்களுக்குப் பேர் போன அதே கால்டர்தான். சுமார் 1,800 நகைகள் செய்திருக்கிறார், பெரும்பாலும் பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியலால் தட்டி. பற்றாசு வைத்து ஒட்டுவது அபூர்வம், வளைத்தும் சுற்றியும் ஆணி அடித்தும் இணைப்பார். நியூயோர்க் மெட்ரோபொலிடன் மியூசியத்தில் 'பொறாமைக்காரக் கணவன்' என்று ஒரு கழுத்தணி இருக்கிறது. தோளுக்கு மேலே முள் முள்ளாக நிற்கும், பக்கத்தில் யாரும் வர முடியாது. பெயரை வைத்தவருக்குக் குசும்பு அதிகம். அதன் பாரம் தோளில் உட்காருவதைக் கவனி, உனக்கு வேண்டியது அதுதான்.

பண்டாரவளை நகைக் கடைகளில் பித்தளைக் கம்பி கேட்காதே, ஹார்ட்வெயார் கடையில் கேள். அப்புறம், சிற்பத்தைப் பொம்மைக்கு மாட்டி வைக்காமல் நீயே போட்டுக்கொண்டு கண்காட்சியில் நடக்கப் பார். அரை மணிக்கு ஒரு தடவை கழற்றலாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவை. திகதியை எழுது, கோச்சியில் வந்துவிடுகிறேன்.