கேள்வி உங்களுடையது: டிஜிட்டல் ஆம்ப் போட்டால் பாட்டு சுத்தமாகுமா?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, என் வேனில் ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டித் தரும் பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று இருக்கிறது, நன்றாகத்தான் பாடுகிறது. கடையில் "இது அனலாக், இப்போது எல்லாம் டிஜிட்டல்தான், மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். என்ன வித்தியாசம்? மாற்றினால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்குமா?

மாற்ற வேண்டாம் தம்பி. நன்றாகப் பாடும் ஆம்பைக் கழற்றிப்போட எந்தக் காரணமும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் அடுத்த தடவை கடையில் நீங்களே கேள்வி கேட்கலாம்.

பாட்டு என்பது காற்றின் அசைவு. மைக் அதை மின்சாரமாக மாற்றும்போது காற்று அசைந்த மாதிரியே வோல்டேஜும் ஏறி இறங்கும், நடுவில் எங்கும் வெட்டு இருக்காது. அதுதான் அனலாக். டிஜிட்டலில் அந்த ஏற்ற இறக்கத்தை விடாமல் அளந்து எண்களாக எழுதிவைக்கிறார்கள். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கிறார்கள், ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஏதாவது ஒன்றில் போய் உட்காரும். மனிதக் காதுக்கு உச்சம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 20,000 அதிர்வு. அந்த அலையைத் திரும்ப உருவாக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும், அதனால்தான் 44,100. இரண்டு அளவுக்கு நடுவே இருந்தது தொலைந்துபோகும், பாட்டு படிக்கட்டு மாதிரி வெட்டிவெட்டி வரும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. திரும்ப அலையாக்கும்போது ஒரு ஃபில்டர் அதை வழுவழுப்பாக்கிவிடும், காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் எதுவும் தொலையாது.

எண்ணாக்குவதில் என்ன லாபம்? பயணத்தில்தான் லாபம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டுவதற்கு, தப்பு மேளம் அடித்ததை நினைத்துப்பாருங்கள். பனி மூடிய விடியற்காலையில் அடுத்த மலையிலுள்ள லயத்து வீடுகளுக்கு அந்தச் சத்தம் மங்கலாகத்தான் வரும், ஆனாலும் அடி விழுந்ததா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் செய்தி முழுதாக வந்து சேர்ந்துவிடும். அதே மலையிலிருந்து ஒருவர் பாடினால் காற்று எவ்வளவு தின்றதோ அவ்வளவு போனதுதான். இறம்பொடைப் பக்கம் வளைவுகளில் ஏறும்போது இதை வண்டிக்குள்ளேயே கேட்கலாம். எஃப்எம் ரேடியோ அனலாக், மலை மறைக்க மறைக்கக் கரகரப்புக் கூடிக்கொண்டே போகும், ஆனால் பாட்டு உள்ளே எங்கேயோ கேட்டுக்கொண்டிருக்கும். போனில் இன்டர்நெட் வழியாகப் போட்டால் கரகரப்பே வராது, சிக்னல் போனதும் கொஞ்ச நேரத்தில் பட்டென்று நின்றுவிடும்.

இனி உங்கள் வேனுக்கு வருகிறேன். ஸ்பீக்கருக்கு எண் தெரியாது. அதன் கூம்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும், அதற்கு ஏறி இறங்கும் மின்சாரம்தான் வேண்டும். ஆகவே எங்கேயோ ஓரிடத்தில் எண்கள் அலையாக மாறியே ஆகவேண்டும். உங்கள் வண்டியில் அது பாட்டுப் போடும் செட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. செட்டின் பின்னாலிருந்து ஆம்புக்குப் போகும் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயரில் ஓடுவது ஏற்கனவே அனலாக், உச்சத்தில் 2 முதல் 4 வோல்ட் வரை. ஆம்பின் வேலை அதைப் பெரிதாக்குவது மட்டும். போனிலிருந்து வரும் பாட்டைப் புளூடூத் சுருக்கும்போது தொலைந்ததை எந்த ஆம்பாலும் திருப்பித் தர முடியாது.

அப்படியானால் கடையில் "டிஜிட்டல்" என்று எதைச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் கிளாஸ் டி ஆம்பைத்தான். அந்த டி டிஜிட்டலைக் குறிக்கவில்லை, ஏ, பி, சி என்று வைத்துவந்த வரிசையில் அடுத்த எழுத்து, அவ்வளவுதான். உங்கள் பழைய ஆம்ப் கிளாஸ் ஏபியாக இருக்கும். அதில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த பைப் மாதிரி நின்று மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிறது, மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. அந்தத் தடித்த அலுமினியத் தகடுகள் அதற்காகத்தான். கிளாஸ் டியில் பைப் ஒன்றில் முழுதாகத் திறந்திருக்கும், இல்லையென்றால் முழுதாக மூடியிருக்கும், செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை. அலை உயரும் இடத்தில் கூடுதல் நேரம் திறந்திருக்கும், தாழும் இடத்தில் குறைவாக. கடைசியில் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) கப்பாசிட்டரும் அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பழையபடி அலையாக்கிவிடும். அதற்கு யாரும் எதையும் எண்ணாக எழுதவேண்டியதில்லை. ஏபி இழுக்கும் மின்சாரத்தில் சுமார் பாதியை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், டி 80, 90 வீதம் வரை கொடுக்கும். பெட்டி சிறிதாக வேண்டும், அடித்தொனி தரும் பெரிய வூஃபர் ஸ்பீக்கர் போடவேண்டும் என்றால் டி நல்லது. தெளிவுக்காக மட்டும் என்றால் காசைப் பையிலேயே வையுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, எக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் "ஙொய்ங்" என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது. ஆம்ப் போய்விட்டது என்கிறார் என் கணவர். உண்மையா?

அவசரப்படாதீர்கள் தங்கச்சி. இதே சத்தம் என் வேனிலும் இருந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இழுக்கும்போது காதுக்குள் கொசு நுழைந்த மாதிரி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். இரண்டு நாள் தேடினேன், செட்டைக் கழற்றினேன், வயர்களை மாற்றினேன். கடைசியில் ஆம்பின் பூமி வயரை, அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் வயரை, பிடித்திருந்த போல்ட்டைத் திறந்தால், அதற்கடியில் வேனின் வெள்ளைப் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது! வயர் இரும்பைத் தொடவே இல்லை, போல்ட்டின் மரையில் பட்டதுதான் தொடர்பு. மண் கடதாசியால் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவினேன். சத்தம் அன்றோடு போனது.

எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் முழுச் சீராக இருக்காது, அதில் ஒரு சின்ன அலை இருக்கும், எஞ்சின் வேகம் கூடக்கூட அந்த அலையும் வேகமாகும். ஆம்பின் பூமி சரியில்லையென்றால் செட்டின் பூமிக்கும் ஆம்பின் பூமிக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வரும், அது ஆர்சிஏ வயர் வழியாகப் பாட்டோடு கலந்துவிடும். அந்த வயரில் எண்கள் ஓடியிருந்தால் இந்தச் சின்னக் கலப்பு ஒன்றும் செய்திருக்காது. ஓடுவது அனலாக், கலந்ததைப் பிரிக்க வழியில்லை, ஆம்ப் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கணவரிடம் சொல்லி ஆம்பை அணைத்துவிட்டு ஆர்சிஏ வயரைப் பிடுங்கி, வயர் இல்லாமல் ஆம்பை மட்டும் மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் கோளாறு வயர் வழியாக வருகிறது, நிற்கவில்லையென்றால் ஆம்பின் பவர், பூமிப் பக்கம். பற்றரியிலிருந்து வரும் தடித்த வயரும் ஆர்சிஏ வயரும் ஒரே பக்கமாக ஓடினால் ஒன்றை மறு பக்கம் மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஆர்சிஏ முனைகளும் பச்சை பிடிக்கும், அதையும் பாருங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு த்ரீவீல் சாரதி: 1000 வாட்ஸ் என்று போட்ட ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

முதலில் அதன் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் என்றால், ஓடும் வண்டியின் 13.8 வோல்ட்டால் பெருக்குங்கள், 276 வாட்ஸ்தான் உள்ளேயே போகிறது. ஏபி என்றால் அதில் பாதி வெளியே வரும், சுமார் 140. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் தொடர்ந்து தரக்கூடியது அவ்வளவுதான். உண்மையிலேயே 1000 தருவதாக இருந்தால் உங்கள் த்ரீவீலின் பற்றரி அதைத் தாங்காது, மறுநாள் காலைப் பனியில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டிவரும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர்: அப்பாவின் காரில் செட்டின் முகப்பில் 50 பெருக்கல் 4 வாட்ஸ் என்று இருக்கிறது. பிறகு எதற்குத் தனி ஆம்ப்?

நாலு ஸ்பீக்கருக்கும் ஆளுக்கு 50 என்பதுதான் அதன் அர்த்தம், கணக்கைப் பார்ப்போம் தம்பி. எஞ்சின் ஓடும்போது கூடிப்போனால் கிடைப்பது 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4ஐ அதாலேயே பெருக்கி 4ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 52. அந்த 50 இங்கிருந்துதான் வருகிறது, வோல்டேஜ் உச்சியிலேயே தட்டையாக நிற்கும் சதுர அலைக்கான கணக்கு அது. உருண்டையான சுத்த அலைக்கு அதில் பாதி, 26. நிஜத்தில் 20 வாட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் சத்தத்தைக் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும், பாட்டு கரகரக்கும், கீச்சுத்தொனி தரும் சின்ன ட்வீட்டர் ஸ்பீக்கர் கருகியே போகும். தனி ஆம்ப் தனக்குள்ளேயே 12 வோல்ட்டை உயர்த்திக்கொள்வதால் அதற்கு இடம் கூட இருக்கிறது. அப்பா ஆம்ப் போட்டால் அதிலுள்ள கெயின் திருகியை (செட்டின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவது) வால்யூம் என்று நினைத்து முழுதாகத் திருப்பிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். செட்டை முக்கால் வாசி வால்யூமில் வைத்து, தெரிந்த பாட்டொன்றைப் போட்டு, கெயினை மெல்ல மெல்ல ஏற்றி, குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும்.